பகலில் எங்கே போவாள்?

பழைய காஞ்சிபுரத்து வீட்டுத் திண்ணைகளைப் பார்த்திருக்கிறீர்களா? தெருவை ஒட்டி, மரத் தூண்களுக்கு நடுவே, வழவழவென்று தேய்த்துப் பூசிய திண்ணை. அதன் ஒரு கோடியில், சுவரோரமாக, காரையாலேயே சற்று மேடாக ஒரு சாய்வுத் திண்டு கட்டியிருக்கும். குழந்தைகள் அதைச் சறுக்குமரமாக்கி விளையாடும். ஆனால் கொத்தனார் அதைக் குழந்தைகளுக்காகக் கட்டவில்லை. அது தலையணை! யாருக்கு? வீட்டுக்காரருக்கா? அவருக்குத்தான் உள்ளே பாயும் பஞ்சுத் தலையணையும் இருக்கின்றனவே! ஊர் பேர் தெரியாமல் வந்து, ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, வெயில் தாழக் கண் அசரும் வழிப்போக்கனுக்கு.

வீடு கட்டும்போதே அந்நியனுடைய தலைக்கும் சேர்த்துச் சாந்து குழைத்திருக்கிறார்கள்.

உடனே, "அந்தக் காலம் போல வருமா!" என்று பெருமூச்சு விட்டுவிடாதீர்கள். எல்லாத் திண்ணையும் எல்லாருக்கும் திறந்திருந்தது என்று சொன்னால் அது பொய். சாதி பார்த்துத்தான் உட்கார வைத்தார்கள். சில பேரைத் தெருவுக்குள்ளேயே விடவில்லை. தனியாக வந்த ஒரு பெண்ணுக்கு அந்தத் தலையணை எந்த நாளும் பயன்பட்டதில்லை. ஆனாலும் ஏதோ ஓர் ஏற்பாடு இருந்தது. தெருவில் திண்ணை, சாலையில் சுமைதாங்கி, கோடையில் தண்ணீர்ப் பந்தல், ஊர் எல்லையில் சத்திரம். இன்று திண்ணை இருந்த இடத்தில் இரும்புக் கிராதி வந்துவிட்டது. அதற்குப் பின்னால் ஸ்கூட்டர் நிற்கிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. யார் யாரோ வாசலில் வந்து படுப்பதை இந்தக் காலத்தில் எந்த வீட்டு அம்மாள்தான் ஒப்புவாள்?

திண்ணை போயிற்று, வீடில்லாதவர்கள் போகவில்லை. 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் வீடில்லாதவர்கள் 17 லட்சத்துக்கு மேல். இவர்களை எண்ணுவதற்கென்று அந்த வருஷம் பிப்ரவரி 28-ஆம் தேதி இரவைத் தனியாக ஒதுக்கினார்கள். பகலில் எண்ண முடியாதே! எங்கெங்கே தேட வேண்டும் என்று கணக்கெடுப்பவர்களுக்கு ஒரு ஜாபிதா கொடுத்திருந்தார்கள்: சாலையோரம், நடைபாதை, பெரிய சிமெண்டுக் குழாய்களின் உள்ளே, மேம்பாலத்தின் அடியில், மாடிப்படியின் கீழ், ரயில்வே பிளாட்பாரம், கோயில், மண்டபம். மண்டபம் என்ற சொல்லைப் பார்த்தவுடன் காஞ்சிபுரம் ஞாபகம் வராமல் இருக்குமா? சிற்பத்துக்கும் தூணுக்கும் பெயர் போன ஊர். அந்தத் தூண்களின் நிழலிலும் சிலர் குடித்தனம் நடத்துகிறார்கள்.

வாளி இல்லை, கதவு இல்லை

இரவில் எங்கே படுப்பார்கள் என்பதைப் பற்றி எல்லாரும் கவலைப்படுகிறோம். குளிர் காலத்தில் கம்பளி கொடுக்கிறோம். பகலில் எங்கே போவார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

சற்று யோசித்துப் பாருங்கள். ஐம்பது வயதுள்ள ஒரு பெண். பிள்ளை விரட்டினானோ, புருஷன் போய்ச் சேர்ந்தானோ, அது நமக்கு வேண்டாம். பொழுது விடிகிறது. மண்டபத்தில் தண்ணீர் தெளித்துப் பெருக்க வருவார்கள், எழுந்துவிட வேண்டும். முதல் கவலை, கழிப்பிடம். கட்டணக் கழிப்பிடத்துக்குச் சில்லறை வேண்டும். அது இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, குளியல். கதவு உள்ள இடம் எங்கே இருக்கிறது? மூன்றாவது, மூட்டை. அவளுடைய சொத்து முழுதும் ஒரு துணி மூட்டையில் இருக்கிறது: மாற்றுப் புடைவை, ஆதார் அட்டை, மருந்துச் சீட்டு. வீட்டு வேலைக்குக் கூப்பிட்டாலும் மூட்டையை எங்கே வைத்துவிட்டுப் போவது? மூட்டையோடு வருகிறவளை எந்த எஜமானி வேலைக்கு வைத்துக் கொள்வாள்? துவைத்த புடைவை காய்கிற வரையில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படியே ஒரு நாள் போய்விடுகிறது. நாளைக்கும் இதே கதை.

வேலை கிடைக்காததால் வீடு இல்லை, வீடு இல்லாததால் வேலை கிடைக்கவில்லை என்ற இந்தச் சக்கரத்தை எங்கேயாவது ஓரிடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு பெட்டி, ஒரு பூட்டு, ஒரு குளியலறை, ஒரு துணிக்கொடி இருந்தாலே போதும். சக்கரம் சற்று நிற்கும். இதற்குத்தான் பகல் புகலிடம் என்று ஒன்று வேண்டியிருக்கிறது.

சிறைக்கூடம் சத்திரமான கதை

புகலிடம் என்றால் புதிதாகவே கட்ட வேண்டும் என்பதில்லை. இருக்கிற கட்டடத்தைச் செப்பனிட்டாலே போதும் என்பதைத் தமிழர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது ஒரு பெண். அவள்தான் மணிமேகலை.

சீத்தலைச் சாத்தனாருடைய காப்பியத்தில் அமுதசுரபியைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். ஆனால் அவள் செய்த இன்னொரு காரியத்தை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் உலக அறவி என்று ஓர் அம்பலம். கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் முடமானவர், நாதியற்றவர் எல்லாரும் வந்து தங்கும் இடம். அங்கேதான் அவள் முதலில் சோறு போடுகிறாள். பிறகு சிறைச்சாலைக்குப் போய்க் கைதிகளுக்கும் போடுகிறாள். செய்தி அரசன் காதுக்கு எட்டுகிறது. வரவழைத்து, "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கிறான். பொன் கேட்டிருக்கலாம், நிலம் கேட்டிருக்கலாம். சிறைக் கட்டடத்தையே அறச்சாலையாக மாற்றித் தரும்படி கேட்கிறாள்! அரசனும் மாற்றித் தருகிறான். சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆன கதை என்று ஒரு காதையே அதற்காக இருக்கிறது.

அதே மணிமேகலை பிற்பாடு காஞ்சிக்கு வருகிறாள். ஊரில் மழை பொய்த்துப் பஞ்சம். கையில் அமுதசுரபி இருக்கிறதே, வந்தவுடன் தெருவில் நின்று போட்டிருக்கலாம் அல்லவா? அங்கேயும் முதலில் இடத்தைத்தான் பார்க்கிறாள். பொய்கையும் சோலையும் அமைகின்றன, பீடிகை அமைகிறது, அதன் பிறகுதான் பாத்திரத்தை வைத்து ஊரை அழைக்கிறாள். சோற்றுக்கு முன்னால் ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தவள் அவள்.

கதையை விட்டுச் சரித்திரத்துக்கு வருவோம். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் பெரும் யுத்தம். ஹைதர் அலியின் சேனையிடம் கும்பினியார் படை தோற்றது. யுத்தத்தின் பின்னாலேயே பஞ்சமும் வந்தது. கிராமங்களைக் காலி செய்துவிட்டு ஜனங்கள் சென்னைப் பட்டணத்தை நோக்கி ஓடினார்கள். அப்படி ஓடி வந்த ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்ற 1782-ல் வடசென்னையில் ஓர் இடம் ஏற்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்று பெயர். வெள்ளைக்காரர் வாயில் அது மானிகர் சவுல்ட்ரி ஆயிற்று. அங்கே நோயாளிகளைப் பார்க்க 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற டாக்டர் ஒரு மருத்துவமனையை ஆரம்பித்தார். அதுதான் வளர்ந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஆயிற்று. இன்றும் பழைய வண்ணாரப்பேட்டைப் பாட்டிமார்கள் அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்லக் கேட்கலாம். அகதிகளுக்காக வைத்த கஞ்சித் தொட்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கே பெயர் கொடுத்துவிட்டது, பாருங்கள்!

ஐம்பது சதுர அடி

சரி, இந்தக் காலத்தில் சட்டம் என்ன சொல்கிறது?

2009 டிசம்பரில் டில்லியில், குளிர் நடுக்கும் சமயத்தில், பூசா சாலையில் இருந்த ஒரு தற்காலிகக் கூடாரத்தை நகரசபைக்காரர்கள் பிரித்துப் போட்டார்கள். 2010 ஜனவரியில் விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. முதலில் டில்லிக்கும், பிறகு மற்ற ராஜ்யங்களுக்குமாக உத்தரவுகள் பிறந்தன. பெரிய நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு புகலிடமாவது இருக்க வேண்டும் என்று கணக்கு ஏற்பட்டது. 2013-ல் மத்திய சர்க்கார் இதற்கென்று நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் ஒரு திட்டமே கொண்டு வந்தது. அதன்படி ஓர் ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம். தண்ணீர், குளியலறை, கழிப்பிடம், விளக்கு, சமையல் செய்யப் பொது இடம், கொசுவுக்குத் தடுப்பு, நெருப்புக்குத் தடுப்பு எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, வருஷம் முழுதும் இருபத்து நாலு மணி நேரமும் கதவு திறந்திருக்க வேண்டும். காகிதத்தில், பகல் புகலிடமும் இரவுப் புகலிடமும் ஒன்றுதான்.

ஐம்பது சதுர அடி என்றால் எவ்வளவு? பத்தடிக்கு ஐந்தடி. நம் வீட்டுக் கட்டில் ஒன்றைப் போட்டு, பக்கத்தில் நின்று புடைவை கட்டிக் கொள்ளலாம். ஆனாலும் நமக்கென்று ஓர் ஐம்பது சதுர அடி!

காஞ்சிபுரத்தின் ஜனத்தொகை 2011 கணக்கில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. 2021-ல் ஊர் மாநகராட்சியாகவும் உயர்ந்துவிட்டது. இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்ப்பதைவிட எனக்கு வேறொரு கணக்கு முக்கியமாகப் படுகிறது. 2019-ல், ஜூலை முதல் தேதியிலிருந்து ஆகஸ்டு 17 வரையில், அத்தி வரதர் எழுந்தருளியபோது இந்த ஊர் என்ன செய்தது? நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை வருகிறவர். 48 நாட்களில் சுமார் ஒரு கோடி ஜனங்கள் வந்தார்கள். அவர்களுக்காகப் பந்தல் போட்டார்கள், குடிநீர்க் குழாய் இழுத்தார்கள், தற்காலிகக் கழிப்பிடங்கள் வைத்தார்கள், வைத்திய முகாம் திறந்தார்கள். நெரிசலும் இருந்தது, துயரமும் நடந்தது. அது வேறு விஷயம். ஆனால் காஞ்சிபுரத்துக்கு இந்த வேலை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பந்தல்காரர் இருக்கிறார், குழாய்க்காரர் இருக்கிறார், விளக்குப் போடுகிறவர் இருக்கிறார்.

திறப்பு விழாவுக்கு அப்புறம்

புகலிடத்தைத் திறப்பது சுலபம். நாடாவை வெட்டினால் திறந்துவிடும். மூன்றாவது மழைக்காலத்தில்தான் அதன் யோக்கியதை தெரியும்.

பெரும்பாலும் இவை பழைய கட்டடங்கள். வேறு எதற்கோ கட்டி, அதற்கு வேண்டாம் என்று ஆனவை. முதலில் காட்டிக் கொடுப்பது மொட்டை மாடி. வடிகால் வாயில் அரசங்கன்று முளைத்திருக்கும். வேர் போன வழியே தண்ணீர் போகும். மேலே சிமெண்டைக் குழைத்து அப்பிவிட்டு இறங்கி வருகிறவர் உண்டு; அது ஐப்பசி வரைக்கும் தாங்கும். தொழில் தெரிந்தவர் முதலில் வாட்டம் பார்ப்பார். ஒரு குடம் தண்ணீரைக் கொட்டி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனிப்பார்.

நம் ஊர்ப் பழைய மச்சுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டியே தளத்தை இறுக்குவார்கள். அந்தத் தட்டு வேலையைப் பெரும்பாலும் பெண்கள்தான் செய்தார்கள். பாட்டுப் பாடிக்கொண்டு நாள் கணக்கில் தட்டுவார்கள். அப்படிப் போட்ட தளம் இரண்டு தலைமுறைக்கு ஒழுகாது. இப்போது அந்த வேலை தெரிந்த கைகள் குறைந்து வருகின்றன. காஞ்சி மாதிரிக் கோயில் திருப்பணி நடக்கிற ஊர்களில்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

மின்சார வேலைக்கு வாருங்கள். ஐம்பது பேர் இருக்கிற இடத்தில் ஐம்பது செல்போன்கள் சார்ஜுக்குத் தொங்கும். ஒரே துளையில் மூன்று ஒயர்! ஈரச் சுவர் வேறு. கசிவு மின்சாரத்தைக் கண்டவுடன் தானே துண்டித்துவிடும் ஸ்விட்ச் ஒன்று உண்டு. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும். அது இல்லாமல் குளியலறைக்கு வெந்நீர் ஹீட்டர் வைப்பது தர்மம் ஆகாது.

குழாய் வேலையில் நுட்பம் வேறு. கழிப்பிடம் நாறுகிறது என்றால் நாம் பினாயிலைத் தேடுகிறோம். நல்ல பிளம்பர் வளைவுக் குழாயில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பார். அந்தத் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்துக்குப் பூட்டு. அது வற்றினாலும் உறிஞ்சப்பட்டாலும் எத்தனை பாட்டில் பினாயில் ஊற்றினாலும் பிரயோஜனம் இல்லை. கொத்தனார் வாசல் படியைச் சரிவுப் பாதையாக மாற்றும்போது ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் விட வேண்டும். அவசரப்பட்டு ஆறு அடியில் முடித்தால், சக்கர நாற்காலி ஏறாது. இறங்கும்போது ஆளைக் கவிழ்க்கும். ஆசாரிக்கு வேலை அலமாரி. ஆளுக்கு ஒரு சின்ன அறை, ஆளுக்கு ஒரு சாவி. முன்னே சொன்ன மூட்டைக்கு அதுதான் விமோசனம்.

இதில் எதையும் நல்ல மனம் மட்டும் இருக்கிற ஒருவர் செய்துவிட முடியாது. சுவருக்கு வெள்ளை அடிக்க நாம் எல்லாரும் போகலாம். போட்டோவும் எடுத்துக் கொள்ளலாம். வாட்டம் பார்க்க ரசமட்டம் பிடித்த கை வேண்டும்.

ஜனாதிபதி கையில் சுத்தியல்

அப்படிக் கைத்தொழில் தெரிந்தவர்கள் கூலி வாங்காமல் வந்து செய்ததுண்டா? உண்டு.

ஜிம்மி கார்ட்டர் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்து 1981-ல் பதவி விட்டு இறங்கியபோது, அவருடைய சிப்பந்திகள் பிரிவுபசாரமாகக் கொடுத்தது என்ன தெரியுமா? தச்சு வேலைச் சாமான்கள்! மனிதருக்கு மர வேலையில் அத்தனை பிரியம். 1984-ல் அவரும் மனைவி ரோஸலினும் ஜார்ஜியாவிலிருந்து தொண்டர்களோடு பஸ் ஏறி நியூயார்க்குக்குப் போனார்கள். நகரத்தின் கீழைப் பகுதியில் பாழடைந்து கிடந்த ஓர் ஆறு மாடிக் கட்டடம். கூரை போய்விட்டது; தரைகள் இற்றுக் கிடந்தன. அதைச் செப்பனிட்டு ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுப்பதென்று 'ஹாபிடாட்' என்ற ஸ்தாபனம் எடுத்துக் கொண்ட காரியம். தொண்டர்கள் ஒரு மாதாகோயிலில் அடுக்குக் கட்டில்களில் படுத்துத் தூங்கி, காலையில் எழுந்து சுத்தியலைத் தூக்கினார்கள். முடிவில் 19 குடும்பங்கள் அங்கே குடியேறின.

இதில் எனக்குப் பிடித்தது ரோஸலின் அம்மையாரின் பங்குதான். "எந்த வேலை வேண்டுமானாலும் செய்கிறேன், சுத்தியல் மட்டும் பிடிக்க மாட்டேன்" என்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டுதான் புறப்பட்டாராம். அந்த வாரம் முடிவதற்குள் தரைப் பலகை அடித்துக் கொண்டிருந்தார்! அப்புறம் எத்தனையோ வருஷங்கள் இருவரும் இந்த வேலையை விடவில்லை. 2006-ல் நம் நாட்டுக்கும் வந்து, லோனாவாலா அருகே நூறு வீடுகள் கட்டும் காரியத்தில் கலந்து கொண்டார்கள். அம்மையார் 2023-லும் கார்ட்டர் 2024-லும் காலமானார்கள்.

இவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துக் கேரளத்தில் 2018 ஆகஸ்டு வெள்ளம் வடிந்தபோது வீடுகளில் சேறு. சுவிட்சைப் போடப் பயம். கதவுகள் ஊதிப்போய்த் திறக்கவில்லை. அப்போது ஐ.டி.ஐ.களில் படிக்கும் பையன்களும் பெண்களும் ஆசிரியர்களோடு கிளம்பினார்கள். 'நைபுண்ய கர்ம சேனை' என்று பெயர். ஒயரிங்கைச் சோதித்தார்கள், குழாயைச் சரி செய்தார்கள், கதவை இழைத்துக் கொடுத்தார்கள். வெள்ளத்தில் நனைந்த வீட்டுக்குள் முதல் விளக்கை எரிய வைத்தது பல இடங்களில் அந்தப் பிள்ளைகளுடைய கைகள்தான். பள்ளிக்கூடத்தில் பழைய பலகையில் ஒயர் இழுத்துப் பழகுவதற்குப் பதில், ஒரு குடும்பம் பயந்துகொண்டே பார்த்துக்கொண்டிருக்க, நிஜமான வீட்டில் இழுத்தார்கள். இதைவிட நல்ல பரீட்சை உண்டா?

சென்னையில் 1993-ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரண்டு இளம்பெண்கள், மனநோயோடு தெருவில் அலையும் பெண்களுக்காக 'பான்யன்' என்ற ஸ்தாபனத்தை ஆரம்பித்தார்கள். பான்யன் என்றால் ஆலமரம். பஸ் நிலையத்தில் தனக்குத் தானே பேசிக்கொண்டிருக்கிறவளைக் கண்டால் நாம் தள்ளி நடக்கிறோம் அல்லவா? அவளுக்கும் ஒரு வீடு இருந்தது, வைத்தியம் செய்தால் பலர் அங்கே திரும்பிப் போகலாம் என்று காட்டினார்கள். புகலிடத்தைச் செப்பனிடுகிற கொத்தனார் இப்படிப்பட்டவர்களையும் மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். சத்தம் இல்லாத ஒரு மூலையும், ஜன்னல் வெளிச்சமும் அவர்களுக்கு மருந்தில் பாதி.

ஒரு நாள் கூலி

காஞ்சிபுரத்தில் இது நடக்குமா? நடப்பதற்கு ஒரு பழைய வழி ஏற்கெனவே இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர் கையில் உழவாரத்தை எடுத்துக்கொண்டு கோயில் கோயிலாகப் புல் செதுக்கிக்கொண்டே நடந்தார். இந்தத் தொண்டை மண்டலம் அவர் கால் பட்ட பூமி. இன்றும் உழவாரப் பணிக் குழுக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து வந்து, பிராகாரத்தில் முள் வெட்டி, குளத்தில் பாசி எடுத்து, வேர்க்க விறுவிறுக்க வேலை செய்வதைப் பார்க்கலாம். அவர்களில் பிளம்பரும் எலெக்ட்ரீஷியனும் ஆசாரியும் இல்லாமலா இருப்பார்கள்? மாதத்தில் மூன்று ஞாயிறு கோயிலுக்கு, ஒரு ஞாயிறு புகலிடத்துக்கு என்றால் சுவாமி கோபித்துக் கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். கல்லால் கோயில் எடுத்த காஞ்சி அரசனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, திருநின்றவூர்ப் பூசலார் மனத்துக்குள் கட்டிய கோயிலுக்குப் போனவர் அல்லவா அவர்!

ஆனால் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பென்ஷன் வாங்குகிற உத்தியோகஸ்தர் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுப்பதும், தினக்கூலிக் கொத்தனார் ஒரு நாளைக் கொடுப்பதும் ஒன்றாகாது. முன்னவர் ஓய்வைக் கொடுக்கிறார். பின்னவர் அன்றைய அடுப்பையே கொடுக்கிறார். "தொண்டுதானே, வாருங்கள்" என்று அவரைக் கூப்பிட்டு, மத்தியானம் ஒரு பொட்டலச் சாதத்தோடு அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை. பெரிய மேஸ்திரி மேற்பார்வையை இனாமாகக் கொடுக்கட்டும்; சித்தாளுக்கு ஊர் கூலி கொடுக்கட்டும். சிமெண்டுக் கடைக்காரர் மூட்டையைக் கொடுக்கட்டும். இன்னொன்று: தொண்டர்கள் வந்துவிட்டார்கள் என்று நகரசபை கையைக் கழுவிக் கொள்ளக் கூடாது. துடைப்பமும் காவல்காரரும் மின்சார பில்லும் தினமும் வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்குவது அவர்கள் கடமை.

காஞ்சிக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. இங்கே நெசவாளர் வீடு என்றால் தறியும் சேர்ந்ததுதான். குழித் தறிக்குத் தரையில் பள்ளம் தோண்ட வேண்டும். அதில் காலை விட்டு மிதித்துத்தான் நெய்ய வேண்டும். வாடகை வீட்டுக்காரர் தரையைத் தோண்ட விடுவாரா? சிலர் விடமாட்டார்கள். ஐப்பசி மழையில் குழிக்குள் ஈரம் ஏறினால் தறி நின்றுவிடும், வாடகையும் நின்றுவிடும். மற்றவர்களுக்கு வீடு போனால் வீடு மட்டும் போகும். நெசவாளிக்குத் தொழிற்சாலையும் சேர்ந்து போய்விடுகிறது. கல்யாணப் புடைவையை விரித்துக் கரையும் உடலும் சேருகிற கோர்வையை நாம் ரசிக்கிற நேரத்தில் இதையும் ஒரு நிமிஷம் நினைக்கலாம்.

வாசகியரே, உங்களுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? கொத்தனாரும் பிளம்பரும் முடித்துவிட்டுப் போன பிறகு, உங்கள் ஊர்ப் புகலிடத்துக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். ஆண்கள் கண்ணுக்குப் படாதவை உங்கள் கண்ணுக்குப் படும். குளியலறைக் கதவை உள்ளே நின்று தாழிட்டுப் பாருங்கள், தாழ்ப்பாள் விழுகிறதா? மாற்றுப் புடைவையை மாட்ட ஆணி இருக்கிறதா, அல்லது ஈரக் குழாய் மேல்தான் போட வேண்டுமா? மாத விலக்கு நாட்களுக்கு மூடி போட்ட கூடை இருக்கிறதா? ராத்திரி கழிப்பிடத்துக்குப் போகிற வழியில் விளக்கு எரிகிறதா?

கொடி கட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஆறு கெஜப் புடைவை பதினெட்டு அடி. இரண்டாக மடித்துப் போட்டாலும் ஒன்பது அடிக் கொடி வேண்டும். இருபது பெண்கள் இருந்தால் நூற்றெண்பது அடி, அதுவும் வெயில் படுகிற பக்கமாக. விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு விரித்துப் பழகிய ஊருக்கு இந்தக் கணக்கை யாராவது சொல்லித்தர வேண்டுமா, என்ன?